தோல் சொல்லும் சேதி

நம் உடலின் உறுப்புகளில் மிகப் பெரியது எது என்று வகுப்பில் கேட்டால், கல்லீரல் என்று சிலரும் நுரையீரல் என்று சிலரும் விடை கூறுவர். உண்மையில் மிகப் பெரிய உறுப்பு நம் தோலே ஆகும். வளர்ந்த ஒருவரின் தோலை விரித்துப் பார்த்தால் அது ஏறத்தாழ ஒன்றரை முதல் இரண்டு சதுர மீட்டர் இருக்கும். இருதயமும் சிறுநீரகமும் உள்ளே மறைந்திருக்க, தோல் மட்டும் எந்நேரமும் கண் முன்னே இருக்கிறது. ஆகவே தோலில் தோன்றும் நோயைக் கண்டுபிடிப்பது மிக எளிது என்று நாம் எண்ணிவிடுகிறோம். மேல்நிலை வகுப்பு மாணவியராகிய நாங்களும் சென்ற மழைக்காலம் வரை அப்படித்தான் எண்ணியிருந்தோம்.

ஓர் இரவு கற்பித்த பாடம்

தீபாவளி விடுமுறை முடிந்து, கிராமத்திலிருந்து விடுதிக்குத் திரும்பிய ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்திக்குப் பத்து நாட்களில் காய்ச்சல் கண்டது. அருகிலிருந்த சிகிச்சை நிலையமொன்றில் ஊசி போட்டு மாத்திரைகள் கொடுத்தார்கள். மூன்று நாள், நான்கு நாள் என்று காய்ச்சல் நீண்டதே தவிரத் தணியவில்லை. நாங்கள் முறை வைத்துக்கொண்டு அவளுக்குக் கஞ்சி கொடுத்தோம். ஈரத் துணியால் கைகால்களைத் துடைத்துவிட்டோம். இடுப்புப் பக்கம் துடைக்கப் போனால் மட்டும், "வேண்டாம் அக்கா" என்று பாவாடையை இறுகப் பற்றிக்கொள்வாள். காய்ச்சலின் எரிச்சல் என்று நினைத்து விட்டுவிட்டோம். ஏழாம் நாள் இரவு அவள் கண்ணைத் திறக்கவே சிரமப்பட்டாள். விடுதிப் பொறுப்பாளர் சிஸ்டர் அவளைத் தூக்கிக்கொண்டு பெரிய மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு விரைந்தார். துணைக்கு எங்களில் இருவர் சென்றோம்.

அங்கே பணியிலிருந்த இளம் டாக்டர் அம்மாள், இரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்ததோடு நிற்கவில்லை. திரைச்சீலையை இழுத்து மூடச் சொல்லி, சிறுமியின் உடல் முழுவதையும் விளக்கு வெளிச்சத்தில் பார்க்கத் தொடங்கினார். காதின் பின்புறம், அக்குள், முதுகு என்று பார்த்து வந்தவர் இடுப்பில் கை வைத்ததும் சிறுமி அழுதாள். "கண்ணு, பயப்படாதே. இங்கே நாங்கள் பெண்கள் மட்டும்தான் இருக்கிறோம்" என்று அவர் ஆறுதல் கூறிப் பாவாடை நாடாவைத் தளர்த்தினார். நாடா இறுகிய இடத்துக்குச் சற்றுக் கீழே, பட்டாணி அளவில், சுற்றிலும் சிவந்து நடுவில் கறுத்த ஒரு பொருக்கு இருந்தது. அதன் மேல் முகப்பவுடர் அப்பியிருந்தது.

"சிஸ்டர், இதைத்தான் தேடினேன்" என்றார் டாக்டர்.

சிறுமிக்கு அந்தப் புண் இருப்பது பல நாட்களாகத் தெரியும். வலிக்கவில்லை, அரிக்கவும் இல்லை. இருக்கும் இடமோ வெட்கப்படும் இடம். அதனால் யாரிடமும் சொல்லாமல் பவுடரைப் பூசி மறைத்திருக்கிறாள். அன்றிரவே அதற்குரிய மருந்து தொடங்கப்பட்டது. இரண்டாம் நாள் காய்ச்சல் இறங்கிற்று. மூன்றாம் நாள் இட்லி கேட்டாள். அவள் பிழைத்த மகிழ்ச்சியோடு ஒரு குற்ற உணர்வும் எங்களுக்கு இருந்தது. ஏழு நாளும் அருகிலேயே இருந்தும், "ஏன் பாவாடையைப் பிடித்துக்கொள்கிறாய்?" என்று ஒருவரும் அன்பாகக் கேட்கவில்லையே! அந்த வருத்தமே இதனைப் பற்றிப் படித்தும் கேட்டும் அறிந்து எழுத எங்களைத் தூண்டியது.

அந்தக் கறுப்புப் பொருக்கு எது?

அந்நோயின் பெயர் ஸ்க்ரப் டைஃபஸ். நம் செய்தித்தாள்கள் உண்ணிக் காய்ச்சல் என்று எழுதுகின்றன. ஆனால் மாட்டின் மேல் நாம் காணும் உண்ணி வேறு, இது வேறு. மண்ணில் வாழும் ஒருவகை மிகச் சிறிய பூச்சியின் இளம்பருவமே மனிதரைக் கடிக்கிறது. அதன் அளவு ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான். வெறுங்கண்ணுக்குத் தெரிவதே அரிது. புதர், புல், வயலோரம், எலி வளைகள் உள்ள இடங்களில் அது காத்திருக்கும். உடலில் ஏறியதும் மென்மையான மடிப்புகளையும், ஆடை இறுகும் இடங்களையும் நாடிச் செல்லும். அக்குள், தொடையிடுக்கு, இடுப்பு, அரைஞாண் கயிற்றின் அடி ஆகியவை அதற்கு உகந்த இடங்கள். கடித்த இடத்தில் வலி தெரியாது. அதன் வழியாக உட்புகும் கிருமியின் பெயர் ஓரியன்ஷியா சுட்சுகாமுஷி. தீங்கு செய்யும் பூச்சி என்ற பொருளில் ஜப்பானியர் வழங்கிய சொல்லே அப்பெயரில் உள்ளது. சுமார் பத்து நாட்களில், சில சமயம் அதற்கு முன்னோ பின்னோ, காய்ச்சல் தொடங்கும். கவனிக்காமல் விட்டால் நுரையீரல், மூளை, சிறுநீரகம் ஆகியவற்றைத் தாக்கி உயிரையும் பறிக்கும்.

இரண்டாம் உலகப் போரின்போது பர்மாக் காடுகளில் போரிட்ட வீரர்கள் பலர் இந்நோயால் துன்புற்றனர். 1948ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவர் ஜோசப் ஸ்மாடலும் அவருடைய குழுவினரும் மலாயாவில் குளோராம்பெனிகால் மருந்தைக் கொண்டு இதனைக் குணப்படுத்திக் காட்டினர். இன்று டாக்சிசைக்ளின், அசித்ரோமைசின் என்னும் மருந்துகள் உள்ளன. விலை மலிவானவை, தக்க நேரத்தில் கொடுத்தால் பெரும்பாலும் இரண்டு நாட்களிலேயே காய்ச்சல் தணிந்துவிடும். ஆனால் மற்றக் காய்ச்சல்களுக்கு வழக்கமாகப் போடப்படும் பென்சிலின் வகை ஊசிகள் இக்கிருமியை ஒன்றும் செய்வதில்லை. நோய் இன்னதென்று அறியாமல் மருந்து கொடுத்தால் நாட்கள்தாம் வீணாகும்.

இந்நோய் எங்கோ காட்டில் மட்டும் உள்ளதன்று. நம் புதுச்சேரியில் இது பரவியதைப் பற்றி 2010ஆம் ஆண்டிலேயே மருத்துவ இதழில் கட்டுரை வெளிவந்தது. இந்திரா நகரில் உள்ள நோய்க்கடத்திகள் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையத்தினர் நம் சுற்றுப்புறக் கிராமங்களின் எலிகளையும் அவற்றின் மேல் வாழும் பூச்சிகளையும் பிடித்து ஆராய்ந்து வருகின்றனர். நம் பகுதியில் மழைக்காலமும் அதையடுத்த குளிர் மாதங்களுமே இதற்குரிய பருவம்.

பொருக்கு எல்லா நோயாளரிடமும் இராது. பலரிடம் தேடியும் கிடைப்பதில்லை. இரத்தப் பரிசோதனையோ நோயின் முதல் வாரத்தில் தெளிவான விடை தராமல் போகலாம். ஆகவே அந்தச் சிறு பொருக்கு கண்ணில் பட்டுவிட்டால், பரிசோதனைக் கூடத்தின் விடைக்குக் காத்திராமல் மருத்துவர் மருந்தைத் தொடங்கிவிடுகிறார்.

அவசரப் பிரிவில் மருத்துவர் எவ்வாறு பார்க்கிறார்?

புதுச்சேரிக்கு மருத்துவக் கல்வி புதிதன்று. 1823ஆம் ஆண்டிலேயே பிரெஞ்சுக்காரர் இங்கே மருத்துவப் பள்ளி நிறுவினர். அதன் வழி வந்ததே 1964 முதல் ஜவஹர்லால் நேருவின் பெயர் தாங்கிக் கோரிமேட்டில் விளங்கும் ஜிப்மர். எல்லைப்பிள்ளைச்சாவடியில் மகளிருக்கும் குழந்தைகளுக்கும் தனியே அரசு மருத்துவமனை உள்ளது. இத்தகைய இடங்களின் அவசரப் பிரிவுக்குக் குழந்தை வந்ததும், மருத்துவர் முதல் அரை நிமிடத்தில் மூன்றைப் பார்க்கிறார். குழந்தை விழிப்பாக இருக்கிறதா, மூச்சு எப்படி ஓடுகிறது, தோலின் நிறம் எப்படி இருக்கிறது என்பவையே அம்மூன்று. வெளிறிய தோலும் சில்லிட்ட கைகால்களும், இரத்த ஓட்டம் குறைகிறது என்று தெரிவிக்கின்றன. விரல் நுனியையோ மார்பையோ சில வினாடிகள் அழுத்தி விட்டால், மங்கிய நிறம் இரண்டு மூன்று வினாடிகளுக்குள் திரும்ப வேண்டும். தாமதமானால் ஆபத்து.

அடுத்து வருபவை கேள்விகள். தடிப்பு என்று தோன்றியது? முதலில் எந்த இடத்தில்? காய்ச்சல் முந்தியா, தடிப்பு முந்தியா? அரிக்கிறதா, வலிக்கிறதா? என்ன மருந்து சாப்பிட்டாள்? வீட்டில் வேறு யாருக்கேனும் உண்டா? தட்டம்மையில் இருமலும் கண் சிவப்பும் முந்தி வந்து, பின்னர் காதோரமும் முகத்திலும் தொடங்கிய தடிப்பு கீழே இறங்கும். சின்னம்மையில் புள்ளி, நீர்க்கொப்புளம், காய்ந்த பொருக்கு மூன்றும் ஒரே சமயத்தில் காணப்படும். சொறியில் விரலிடுக்கில் அரிப்பு இரவில் மிகும். ஆகவே சரியான விடை பாதி நோயை அடையாளம் காட்டிவிடும். அந்த விடை இருப்பதோ தாயிடம் அல்லது உடனிருப்பவரிடம்.

நம் நிறமும் நூல்களின் நிறமும்

இங்கே ஒரு சிக்கலை எங்களுக்கு டாக்டர் அம்மாள் எடுத்துரைத்தார். தோல் நோய்களை விளக்கும் பெரிய நூல்கள் பலவும் மேல்நாட்டில் எழுதப்பட்டவை. அவற்றில் உள்ள படங்களும் வெள்ளைத் தோலின் படங்களே. "ரோஜாச் சிவப்பு" என்று நூல் வருணிக்கும் தடிப்பு, நம் மாநிறக் குழந்தையின் மேல் செம்பழுப்பாகவோ கருஞ்சாம்பலாகவோ தோன்றலாம். சில நேரம் கண்ணுக்கே புலப்படாமலும் போகலாம். அதனால் அனுபவமுள்ள மருத்துவர் விரலால் தடவிப் பார்க்கிறார். பக்கவாட்டில் வெளிச்சம் பாய்ச்சிப் பார்க்கிறார். உள்ளங்கை, உள்ளங்கால், உதடு, ஈறு, கீழிமையின் உட்புறம் ஆகிய நிறம் குறைந்த இடங்களையும் தவறாமல் பார்க்கிறார்.

2020ஆம் ஆண்டில் இலண்டனில் மருத்துவ மாணவராயிருந்த மலோன் முக்வெண்டே என்பவர், கறுத்த, பழுப்பு நிறத் தோலில் நோய்க்குறிகள் எப்படித் தோன்றும் என்பதை விளக்கும் கையேடு ஒன்றைத் தம் ஆசிரியர்களுடன் சேர்ந்து வெளியிட்டார். வகுப்பில் எழுந்த ஐயத்தை உள்ளத்திலேயே புதைத்துவிடாமல் கேட்ட ஒரு மாணவரின் செயல் அது. நாளை மருத்துவம் பயில விரும்பும் நம் சகோதரிகள் இதனை மனத்தில் கொள்ள வேண்டும்.

இன்னொரு செய்தியும் உண்டு. நம் நாட்டுக் குழந்தைகள் பலருக்குப் பிறக்கும்போதே முதுகின் அடியிலும் புட்டத்திலும் நீலம் பாய்ந்த திட்டு இருக்கும். அது நோயன்று, வளர வளர மங்கிவிடும். அறியாதவர் அதனைக் கண்டு, குழந்தையை அடித்த காயம் என்று தவறாக எண்ணுவதுண்டு.

உடனே விரைய வேண்டிய குறிகள்

எல்லாத் தடிப்பும் ஆபத்தானவை அல்ல. ஆனால் கீழ்க்கண்டவற்றைக் கண்டால் ஒரு மணி நேரமும் தாமதிக்கலாகாது.

முதலாவது, காய்ச்சலுடன் செந்நீலப் புள்ளிகள். கண்ணாடித் தம்ளரின் பக்கத்தைத் தோலின் மேல் அழுத்திப் பார்த்தால் சாதாரணத் தடிப்பு மங்கும். மங்காமல் அப்படியே தெரிந்தால், தோலுக்கடியில் இரத்தம் கசிந்துள்ளது என்று பொருள். மூளை உறையைத் தாக்கும் கொடிய கிருமியாகவும் இருக்கலாம், டெங்குவாகவும் இருக்கலாம். புள்ளி மங்கிவிட்டது என்பதற்காக, சோர்ந்து கிடக்கும் குழந்தையை வீட்டில் வைத்துக்கொள்ளவும் கூடாது. டெங்குவில் காய்ச்சல் விடும் நேரமே ஆபத்தான நேரம் என்பதையும் மறவாதீர்கள். காய்ச்சல் இறங்கியபின் கைகால் சில்லிட்டு, வயிறு வலித்து, வாந்தி எடுத்தால் விரைந்து செல்ல வேண்டும்.

இரண்டாவது, காணாக்கடி. தடிப்புகள் திடீரென எழுந்து மறைவது பெரும்பாலும் தானே தணிந்துவிடும். ஆனால் அதனுடன் மூச்சுத்திணறல், உதடு வீக்கம், மயக்கம் சேர்ந்தால் அது உயிராபத்து. அதற்குரிய மருந்து, தொடையில் உடனே போடப்படும் அட்ரினலின் ஊசி.

மூன்றாவது, ஏதேனும் மாத்திரை சாப்பிட்ட சில நாட்களில் அல்லது வாரங்களில் வாய் புண்ணாகி, கண் சிவந்து, தோல் வெந்ததுபோல் உரிதல். அந்த மாத்திரையின் அட்டையையும் மருத்துவமனைக்கு எடுத்துச் செல்ல வேண்டும்.

நான்காவது, ஐந்து நாட்களுக்கு மேல் காய்ச்சல், பீளையின்றிச் சிவந்த கண்கள், வெடித்த உதடு, செம்புற்றுப்பழம் போன்ற நாக்கு. 1967ஆம் ஆண்டில் ஜப்பானிய மருத்துவர் தொமிசாகு கவாசாகி விவரித்த நோயாக இது இருக்கலாம். பத்து நாட்களுக்குள் சிகிச்சை தொடங்கினால் இருதய இரத்தக் குழாய்களைப் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம்.

ஐந்தாவது, பிறந்து ஒரு மாதம் ஆகாத சிசுவின் உடலில் சீழ்க்கொப்புளங்கள் தோன்றுதல். அதனுடன் காய்ச்சலோ பால் குடிக்க மறுத்தலோ இருந்தால் இன்னும் அவசரம்.

சிறியதென்று இகழாதிருத்தல்

சொறியும் சிரங்கும் நமக்குப் பழகிப்போனவை. ஆயினும் சொறிந்து சீழ்பிடித்த சிரங்கில் குடிபுகும் ஒரு கிருமியால், சில வாரங்கள் கழித்துச் சிறுநீரகம் பாதிக்கப்படலாம். காலையில் முகம் வீங்கி, சிறுநீர் தேநீர் நிறத்தில் குறைவாகப் போனால், அவசரப் பிரிவு மருத்துவர் முதலில் குழந்தையின் கைகால்களில் ஆறிய சிரங்குத் தழும்பைத் தேடுகிறார். சொறிக்கு மருந்து பூசும்போது வீட்டிலுள்ள அனைவரும் ஒரே நாளில் பூசிக்கொண்டு, துணிகளையும் படுக்கை விரிப்புகளையும் வெந்நீரில் துவைத்து வெயிலில் உலர்த்த வேண்டும். ஒருவர் மட்டும் பூசிக்கொண்டால் அது மீண்டும் மீண்டும் வரும்.

தடுப்பூசியின் பயனையும் இங்கே குறிப்பிட வேண்டும். தட்டம்மை, ரூபெல்லா இரண்டையும் தடுக்கும் ஊசி இயக்கம் இந்தியாவில் 2017 பிப்ரவரியில் முதன்முதலாகத் தொடங்கப்பட்ட ஐந்து பகுதிகளுள் நம் புதுச்சேரியும் ஒன்று. 9 மாதம் முதல் 15 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு அப்போது ஊசி போடப்பட்டது. தட்டம்மை குறைந்தது நல்லதே. ஆனால் அந்நோயைக் கண்ணால் கண்டிராத இளம் மருத்துவர்களும் பெற்றோரும் பெருகிவிட்டதால், அதனை அடையாளம் காண்பது முன்னைவிடக் கடினமாயிற்று.

நாம் செய்ய வேண்டியவை

அம்மை கண்ட வீட்டில் வேப்பிலை வைப்பதும், குழந்தையைத் தனியே படுக்க வைத்து இளநீர் தருவதும் நம் பெரியோர் வழக்கம். தனித்திருத்தலும் நீராகாரமும் நல்லவையே. ஆனால் "அம்மைக்கு ஆஸ்பத்திரி கூடாது" என்று மூச்சுத்திணறும் குழந்தையை வீட்டிலேயே வைத்திருப்பது பெருந்தவறு. அம்மைக் காய்ச்சலுக்கு ஆஸ்பிரின் மாத்திரையும் தரலாகாது.

மருத்துவமனைக்குப் புறப்படுமுன் தடிப்பின் மேல் மஞ்சள், சந்தனம், பற்பசை, பவுடர், நீல மருந்து எதையும் பூசாதீர்கள். பூச்சுக்கு அடியில் இருப்பதை மருத்துவரால் பார்க்க முடியாது. வந்து மறையும் தடிப்பானால், கைப்பேசியில் பகல் வெளிச்சத்தில் படம் எடுத்து வையுங்கள். கொடுத்த மருந்துகளை, நாட்டு மருந்தானாலும், மறைக்காமல் கூறுங்கள். சூடு போட்டிருந்தால் அதையும் கூறுங்கள். குழந்தை துவண்டிருந்தால் 108 ஊர்தியை அழையுங்கள்.

காய்ச்சல் கண்ட பிள்ளையை நாளுக்கொரு முறை குளிப்பாட்டும்போதோ துடைக்கும்போதோ, தலை முதல் கால் வரை நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். அரைஞாணைத் தூக்கிப் பாருங்கள். தலைமுடியை விலக்கிப் பாருங்கள். இதற்குப் பட்டப்படிப்பு வேண்டியதில்லை. தாயின் கண்ணே போதும்.

தங்கைகளுக்கு ஒரு சொல்

இறுதியாக, சிறு வகுப்புகளில் பயிலும் தங்கைகளே, உங்களுக்கு ஒன்று கூற விரும்புகிறோம். அடக்கம் பெண்மைக்கு அழகு என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஆனால் நோயை மறைப்பது அடக்கம் ஆகாது. உடலின் எந்த இடத்தில் புண் இருந்தாலும், தாயிடமோ, சிஸ்டரிடமோ, ஆசிரியையிடமோ, மூத்த அக்காவிடமோ தயங்காமல் சொல்லுங்கள். மருத்துவர் பார்க்கும்போது உங்கள் தாயாரோ வேறொரு பெண்மணியோ உடனிருக்க வேண்டும் என்று கேட்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. எங்களைப் போன்ற மூத்தவர்களுக்கும் ஒரு கடமை இருக்கிறது. ஒரு குழந்தை "வேண்டாம்" என்று பாவாடையைப் பற்றிக்கொண்டால், சிணுங்குகிறாள் என்று விட்டுவிடாமல் அருகில் அமர்ந்து காரணத்தைக் கேட்க வேண்டும்.

அந்தச் சிறுமி இப்போது ஏழாம் வகுப்பில் படிக்கிறாள். விளையாட்டு விழாவில் தொடர் ஓட்டத்தில் ஓடினாள். அவள் இடுப்பில் இருந்த பொருக்கு ஆறிச் சிறு தழும்பாகிவிட்டது. விடுதிக்கு இவ்வாண்டு புதிதாக வந்த சிறுமிகளுக்கு, "உடம்பில் எங்கே என்ன வந்தாலும் அக்காக்களிடம் சொல்லிவிடுங்கள்" என்று முதலில் எடுத்துக் கூறுகிறவள் அவளே.